ரமாபாய் பெயரில் ராஜாத்தி

காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவைப் பதினோரு வருடமாகக் கூட்டியவர் ராஜாத்தி அக்கா. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இன்றைய தேதிக்கு எந்த ஆபீஸ் பதிவேட்டிலும் இது கிடையாது.

தெருவின் முதல் வீட்டில் கீழ்ப் போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போகிறார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, டெய்லர் கடைகளிலிருந்து வரும் ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்கிறேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நிற்பவர் என்ன வாங்கினாரோ, "எனக்கும் அதே" என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். வேண்டாத பாமாயிலோடு எத்தனை முறை வீட்டுக்கு வந்தேன் என்று கணக்கில்லை.

ராஜாத்தி அக்கா எனக்கு நேர் எதிர். ஆள் குள்ளம். வேலைக்குக் கொடுத்த பச்சைக் கோட்டு அவருக்கு முழங்கால் வரை தொங்கும். தெருவுக்குள் அவர் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும்.

"இன்னா ரோசி, நேத்து நெத்திலியா? கொயம்பு வெச்சியா, வறுத்தியா?"

குப்பையைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன சமையல், எந்த வீட்டில் சண்டை, யாருக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொன்னதாக நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மட்டும் தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு அப்பாவு ஐயா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், சவரம் செய்த பிளேடைக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடுவார்.

"நைனா, பிளேடைப் பேப்பர்ல சுத்திப் போடுன்னு எத்தினி வாட்டி சொல்றது? என் வெரலு இன்னா வீட்டு வரியா, அரையாண்டுக்கு ஒருவாட்டி திரும்பி வர்றதுக்கு?"

"இனிமே போட மாட்டேன்மா."

"போன மாசமும் இதான் சொன்ன."

துறைமுகப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாட்களில் எங்கள் தெரு முழுக்கக் கரித்தூள் படியும். காலையில் கூட்டிய இடம் பதினோரு மணிக்குக் கறுத்துப் போயிருக்கும். அந்த நாட்களில் யாரும் சொல்லாமலே இரண்டாம் முறை கூட்டுவார். ஒரு பெருமழைக்குப் பிறகு வெள்ளம் வடிந்தபோது, சேற்றை வழித்து எடுக்க முதலில் வந்தவர் அவர்தான். மற்ற தெருக்காரர்கள் ஒரு வாரம் காத்துக் கிடந்தார்கள். எங்கள் தெருவில் மூன்றாம் நாள் சைக்கிள் போனது.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் ஜன்னலுக்கு எதிரே, மார்க்கெட் முனையில், துப்புரவு ஆட்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். மேஸ்திரி சுப்புராயன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, கைபேசியை நீட்டுவார். கூப்பிட்டவர் அதன் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் விழித்திருப்பது நான் மட்டும்தான்.

"ரமாபாய்!" என்று மேஸ்திரி கூப்பிடுவார். ராஜாத்தி அக்கா போய் முகத்தைக் காட்டுவார்.

பல நாள் இதைப் பார்த்தேன். ஒரு நாள் நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னா அப்பிடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா. ரமாபாய்னு கூப்பிட்டாங்களே..."

"அது எங்க நாத்தனா பேரு. வேலை அவுங்களுக்குத்தான் வந்துச்சு. சேந்து ரெண்டே மாசம், லாரிக்காரன் இடிச்சிட்டுப் பூட்டான். இடுப்பு போச்சு. 'ஒரு பத்து நாளு எனக்குப் பதிலா போய் நில்லு ராஜாத்தி'ன்னாங்க. வந்தேன். அந்தப் பத்து நாளு இன்னும் முடியல."

ரமாபாய் இன்றும் படுக்கையில்தான் இருக்கிறார், எர்ணாவூர் குடியிருப்பில், ராஜாத்தி அக்கா வீட்டிலேயே. புளியந்தோப்பில் குடிசைகளை எடுத்தபோது அவர்கள் குடும்பத்துக்கு அங்கே வீடு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். முகம் காட்டும் கைபேசி வந்தபோது, பெயரை மாற்றிவிடலாம் என்று ராஜாத்தி அக்கா மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். புது ஆள் எடுக்கக் கூடாது என்று உத்தரவு இருந்த காலம் அது. பெயரை மாற்றினால் அந்த இடமே போய்விடும் என்று மேஸ்திரி பயந்தார். ரமாபாய் என்ற பெயரில் ராஜாத்தி அக்காவின் முகத்தைப் பதிந்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்க்கா."

"நீ ஒன்னியுமே சொல்ல மாட்டியே, உன்கிட்ட போய் சொல்றேன் பாரு" என்று சிரித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

போன வருடக் கடைசியில் செய்தி வந்தது. மாநகராட்சிக்கு வரவு போதவில்லையாம். எங்கள் வார்டில் இருக்கிற இருபத்திரண்டு துப்புரவு ஆட்களைப் பதின்மூன்றாகக் குறைக்கப் போகிறார்களாம். மீதி வேலைக்கு மிஷின் வண்டி வருமாம். வீட்டு வரியும் ஏறுமாம். இதைப்பற்றி மக்கள் கருத்துக் கேட்க ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் ஏரியா சபைக் கூட்டம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் ராஜாத்தி அக்கா ஜன்னலுக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"மேஸ்திரி லிஸ்டைப் பாத்துட்டாரு. வேலைக்குச் சேந்த வருஷத்தைப் பாத்துத்தான் வெச்சிக்கிறாங்களாம். ரமாபாய் நாலாவது பேரு. தப்பிச்சேன்."

"நல்லதுக்கா."

"இன்னா நல்லது, பேட்டரி வண்டி ஓட்டுற பொண்ணுங்க எல்லாம் போவுது. அதுங்க மூஞ்சியப் பாக்க முடியல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மாயா நர்சிங் முடிக்க இன்னும் ஒன்றரை வருசம் கீது. அதுவரிக்கும் இந்தப் பேரு ஓடினா போதும். அப்பறம் யாரு வேணா எடுத்துக்கட்டும்."

மாயா அவர் மகள். மணலி பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது மாடிவீட்டு ஜஸீமா. அவளும் எங்களைப்போல வாடகைக்கு இருப்பவள். "வீட்டுக்காரங்க மட்டும் போய் உக்காந்து பேசிட்டு வந்து நம்ம தலையில கட்டுவாங்க, வா" என்றாள். கவுன்சிலர் வரவில்லை. சுகாதார ஆய்வாளர் ஜெயவேல் வந்திருந்தார். சின்ன வயது, மரியாதையாகப் பேசுகிறவர். நீலக் கோப்பு ஒன்றை மேசைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். துப்புரவு ஆட்களில் ஏழெட்டுப் பேர் பின்னால் தண்ணீர் கேன் பக்கம் நின்றார்கள். ராஜாத்தி அக்காவும் அங்கே நின்றார். பச்சைக் கோட்டு இல்லாமல், மஞ்சள் பூப்போட்ட புடவையில் இருந்தார். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

ஜெயவேல் வாசித்து முடிக்குமுன்பே மளிகைக்கடை தங்கப்பாண்டி அண்ணாச்சி எழுந்துவிட்டார். தெருவில் அவருக்கு ஒரு கடையும் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் நாங்களும் ஜஸீமாவும் வாடகைக்கு இருக்கிறோம்.

"சார், நான் ஒண்ணு கேக்கேன். கடைக்கு ஒரு வரி, வீட்டுக்கு ஒரு வரி, தண்ணிக்கு ஒரு வரி, குப்பைக்கு ஒரு வரி. மூச்சு விடுததுக்கு எப்பம் போடுதீய? அதையும் சேத்துச் சொல்லிட்டா நான் ஒரேயடியா கட்டிட்டுப் போயிருவேன்."

சிரித்தார்கள். அப்பாவு ஐயா உட்கார்ந்தபடியே, "நீ மூச்சு வுட்டா அதுக்கும் பில்லு போட்டு எங்களுக்குத்தான் விப்ப" என்றார்.

"அண்ணே, நீங்க பென்சன் வாங்குத ஆளு. உங்களுக்குச் சிரிப்பு வரும்."

"பென்சன் உங்க ஊர்ல இருந்து வரல, நான் கிரேன்ல உக்காந்து வாங்குனது. சார், நான் சொல்றத எயுதிக்கங்க. வரிய ஏத்து, சரி. ஆளக் கொறைக்காத. இல்ல, ஆளக் கொறைக்கிறியா, வரிய ஏத்தாத. ரெண்டையும் ஒண்ணா பண்ணா அது இன்னா நாயம்? சோத்தைக் கொறைச்சிட்டு எலைக்கு ரெண்டு மடங்கு கேக்குற மாதிரி கீது."

"பதிவு பண்ணிக்கிறேன் சார்" என்றார் ஜெயவேல்.

ஜஸீமா எழுந்தாள். "அண்ணாச்சி, வரி நீங்க கட்டுறீங்களா? சொல்லுங்க, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. போன தடவை வரி ஏறின மாசமே வாடகை ஏறிச்சு. கட்டுறது நாங்க. இங்க வந்து அழுவறது நீங்க."

"ஏம்மா, வீட்டுக்கு வெள்ளையடிக்கது யாரு, மோட்டார் ரிப்பேர் பாக்கது யாரு?"

"எந்த வருஷம் அடிச்சீங்க? கரித்தூள்தான் அடிச்சிருக்கு எங்க வீட்டுக்கு."

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், வாடகைக்காரர்கள் ஒரு பக்கம், கடைக்காரர்கள் இரண்டு பக்கமும். யார் எது சொன்னாலும் ஜெயவேல் "பதிவு பண்ணிக்கிறேன்" என்றார். அவர் பேனா நகர்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சில சமயம் நகர்ந்தது.

கடைசியில் அப்பாவு ஐயாதான் கேட்டார். "ஆளக் கொறைக்கிறேன்றியே, வெச்சிக்கப் போறது யாரு யாரு? அத்தப் படி."

ஜெயவேல் தயங்கினார். எல்லோரும் படி படி என்றார்கள். கோப்பைத் திறந்து படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதாக ரமாபாய். நான் திரும்பிப் பார்த்தேன். ராஜாத்தி அக்கா புடவை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி சுப்புராயன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று பெயரும் முடிந்தது.

"ராஜாத்தி அக்கா பேரு எங்க?" என்றாள் ஜஸீமா.

கூடமே பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாதவர்கள், இதில் ஒத்துப்போனார்கள்.

"என்ன சார் இது அநியாயம்!" தங்கப்பாண்டி அண்ணாச்சி மேசைக்கே போய்விட்டார். "வரியக் கூட்டுங்க, கொறைங்க, அது பொறவு பேசுவோம். எங்க தெருவுக்கு ராஜாத்தி வேணும். வெள்ளத்துல எங்க இருந்திய நீங்க எல்லாம்? அவதான் வந்தா. ஏதோ ரமாபாயாம், அது யாரு? எங்க தெருவுல ஒருநா அந்தப் பேர்ல ஆளைப் பாத்ததில்ல. அவளுக்கு வேலை, எங்க ராஜாத்திக்கு இல்லையா?"

ராஜாத்தி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடி வந்தார். "அண்ணாச்சி, வுட்ருங்க. எனுக்கு ஒன்னியும் வேணாம். வுடு நைனா, சொல்லு அவுருக்கு."

"நீ சும்மா இரி. உனக்குக் கேக்கதுக்கு நாங்க இருக்கோம்."

"அய்யோ, கேக்கவே வேணாங்கறேன்!"

"பாத்தியா சார், எப்பேர்ப்பட்ட மனுசி" என்றார் அப்பாவு ஐயா. அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் நான் எழுந்தேன். என் கால் தானாக எழுந்தது. "எல்லாரும் உக்காருங்க, அக்கா வேலை பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்தேன். பிறகு, ஏன் பத்திரம் என்று கேட்பார்களே என்று தோன்றியது. வேறு எப்படிச் சொல்லலாம் என்று யோசித்தபடி நின்றேன். வாய் திறந்தே இருந்திருக்க வேண்டும்.

"பாருங்க, ரோசிகூட எழுந்துட்டா!" என்று ஜஸீமா கத்தினாள். "வாயே தொறக்காத பொண்ணு, அவளுக்கே தாங்கல!"

எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, அங்கேயே நின்று எழுதினார். நன்றாக எழுதினார், அதையும் சொல்ல வேண்டும். 'எங்கள் தெருவைப் பதினோரு வருடங்களாகக் கூட்டிவரும் திருமதி ராஜாத்தி அவர்களைப் பணியிலிருந்து நீக்கக் கூடாது' என்று ஆரம்பித்து, வெள்ளம், கரித்தூள், எல்லாவற்றையும் எழுதியிருந்தார். தாள் கை மாறி மாறி வந்தது. எனக்கு முன்னால் ஜஸீமா போட்டாள். பேனாவை என் கையில் வைத்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானும் போட்டேன்.

மொத்தம் நாற்பத்தோரு கையெழுத்து.

ஜெயவேல் தாளை இரண்டு முறை படித்தார். பட்டியலை ஒரு முறை பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். "மனு மேல நடவடிக்கை எடுக்கிறேன்" என்று சொல்லித் தாளைக் கோப்புக்குள் வைத்தார். மறுபடியும் கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் கேன் பக்கம் ராஜாத்தி அக்கா இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட் முனையில் மேஸ்திரி பக்கத்தில் ஜெயவேல் நின்றார். கையில் அந்த மனு. ரமாபாய் என்று கூப்பிட்டார்கள். ராஜாத்தி அக்கா போனார்.

"உங்க பேரு என்னம்மா?"

அக்கா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கீழே பார்த்தார். அக்கா அந்தத் தாளைப் பார்த்தார். ரமாபாய் என்று சொன்னால் நாற்பத்தோரு பேரும் பொய் சொன்னதாக ஆகும். ராஜாத்தி என்று சொன்னால் அவர் பொய் சொன்னதாக ஆகும்.

"ராஜாத்தி" என்றார்.

பச்சைக் கோட்டை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மேஸ்திரியை வேறு எங்கோ மாற்றினார்கள்.

தெருவுக்கு விஷயம் தெரிந்தபோது கடை வாசலில் இன்னொரு கூட்டம். இதற்கு மைக் கட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றார் அண்ணாச்சி. "என் கையெழுத்து முதல் கையெழுத்து. பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன்னுலா ஆபீஸ்ல நெனப்பான்?"

"எது பொய்யி?" என்றார் அப்பாவு ஐயா. "தெருவக் கூட்டுனது பொய்யா? சேறு அள்ளுனது பொய்யா?"

"பேரு பொய்யிதான அண்ணே."

"பதினோரு வருசமா நம்ம தெருவுல கீற பொம்பளை. சம்பளம் எந்தப் பேர்ல வாங்குறன்னு ஒருத்தனாவது கேட்டோமா? பிளேடைப் போட்டுகினு இருந்தோம்."

"கேக்காததுக்கு நான் என்ன செய்ய? சொல்லாதவ தப்புத்தான்."

ஜஸீமா அழுதாள். பிறகு, "முதல்ல நான்தான் கேட்டேன் பேரு எங்கன்னு. என் நாக்கை அறுக்கணும்" என்றாள். பிறகு அண்ணாச்சியோடு வாடகை விஷயமாகச் சண்டை போட்டாள். பழையபடி வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், வாடகைக்காரர்கள் ஒரு பக்கம் ஆனார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. தெரியாமல் செய்தார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

மூன்றாவது வாரம் வரி நோட்டீஸ் வந்தது. ஏற்றித்தான் இருந்தார்கள். ஆட்களையும் குறைத்துத்தான் இருந்தார்கள். கூடத்தில் பேசிய எதுவும் எதையும் மாற்றவில்லை, ஒரே ஒரு பெயரைத் தவிர. பட்டியலில் நாலாவதாக இருந்த பெயரை அடித்து, அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடாமல் பன்னிரண்டாக விட்டுவிட்டார்கள். மிஷின் வண்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. தெரு முனை குறுகலாக இருப்பதால் உள்ளே வராது. காற்று அடித்தால் கரித்தூள் அப்படியே கிடக்கிறது.

ஒரு மாதம் கழித்து ராஜாத்தி அக்கா என் வீட்டுக்கு வந்தார். ஜன்னலுக்கு வரவில்லை, வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஆபீஸ்ல புது ஆளுக்கு அப்ளிகேசன் பாரம் குடுக்குறாங்களாம். எயுதித் தர ஒரு ஆளு வேணும். மாயாவுக்கு டூட்டி. வர்றியா?"

"வரேன்க்கா."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மார்க்கெட் முனை வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். அங்கே நின்றார்.

"நீ தெரிஞ்சிகினுதான இருந்த?"

"ஆமாக்கா."

"அந்த மனுவ எனுக்கும் காட்டுனாரு ஜெயவேலு சாரு. உன் கையெயுத்து முப்பத்திரெண்டாவது. முத்து முத்தா போட்டுகிற."

நான் அழவில்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

ஆபீசில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஜெயவேல் எங்களை உட்காரச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனமில்லை. "அம்மா, எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் நானா கிளறியிருக்க மாட்டேன். நாப்பத்தியோரு பேர் கையெழுத்தோட மனு வந்தா நான் பதில் எழுதியே ஆகணும். எழுதலேன்னா என் வேலை போயிடும்" என்றார்.

விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தேன். பெயர், ராஜாத்தி. வயது, நாற்பத்தாறு. முகவரி எழுதினேன். பிறகு 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம். பேனா நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஜெயவேல், பக்கத்து மேசைகளில் இரண்டு கிளார்க்குகள், பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. ஆனால் பேசிவிட்டேன்.

"சார், இவங்க பதினோரு வருஷம் எங்க தெருவைக் கூட்டினாங்க. தினமும் காலையில நான் பார்த்தேன். என் ஜன்னலுக்கு எதிர்லதான் வருகை எடுப்பாங்க. நான் சாட்சி சொல்றேன். எங்க வேணும்னாலும் எழுதித் தரேன்."

என் வாழ்க்கையில் நான் நின்று பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஜெயவேல் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எழுதித் தரலாம்மா. ஆனா நல்லா யோசிச்சுக்கோங்க. பதினோரு வருஷம் இவங்கதான் வேலை பார்த்தாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா, பதினோரு வருஷம் இன்னொருத்தர் பேர்ல சம்பளம் வாங்கினாங்கன்னும் எழுதிக் குடுத்த மாதிரி. இப்போ, மனுவுல இருக்கிற பதினோரு வருஷத்துக்குச் சாட்சி இல்லைன்னு விட்டு, மேஸ்திரி மேல தப்புன்னு ஃபைல் முடிஞ்சிருக்கு. உங்க காகிதம் வந்தா ஃபைல் மறுபடி திறக்கும். வாங்கின சம்பளத்தைத் திருப்பிக் கட்டுன்னு இவங்க மேல கேஸ் வரும்."

"அப்போ அந்தக் கட்டத்துல என்ன சார் எழுதறது?"

"இல்லைன்னு எழுதுங்க."

நான் எழுதவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தபோது வேலை போனது. பேசினால் கேஸ் வரும். பின் எப்போதுதான் பேச வேண்டும் என்று யாரைக் கேட்பது?

"எயுது ரோசி" என்றார் ராஜாத்தி அக்கா. "வெளியில ஜனம் நிக்குது. நேத்து பொறந்தவன்னு எயுது."

'இல்லை' என்று எழுதினேன்.

அக்கா கையெழுத்துப் போட்டார். ஜெயவேல் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நிரந்தரமாக எந்த இடமும் இப்போது காலியில்லை என்றார். "யாராவது லீவு போட்டா அவங்களுக்குப் பதிலா கூப்பிடுற லிஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுல பேரைச் சேர்த்துக்கிறேன். போன் பண்ணினா வரணும். கூப்பிட்ட நாளுக்கு மட்டும் கூலி."

"இன்னொருத்தருக்குப் பதிலாவா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எனுக்கு நல்லா வரும் சார். பதினோரு வருசம்..." என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்திக்கொண்டார். ஜெயவேல் கோப்பைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்து, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் நின்றோம். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக, நகராமல் நின்றன.

"அன்னிக்கு சபையில எயுந்தியே," என்றார் அக்கா. "எல்லாம் கை தட்டுனாங்களே. அப்போ இன்னா சொல்ல வந்த?"

"எல்லாரும் உக்காருங்கன்னு சொல்ல வந்தேன்க்கா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அத்தச் சொல்றதுக்கு இன்னா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க, அதைச் சொல்லத் தடையாக ஒன்றுமே இருக்கவில்லை என்றுதான் தெரிந்தது. எர்ணாவூர் ஆட்டோ வந்தது. அவர் ஏறி உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். கைபேசியை எடுத்து, ஆபீசிலிருந்து கூப்பிட்டால் மணி கேட்குமா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மடிமேல் வைத்துக்கொண்டார்.